தேங்காய் எழுந்து நின்றது ஏன்?



எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் தண்ணீர் பார்ப்பது வழக்கம். குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் காட்டில் மெதுவாக நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். "இங்க ஓட்டம் இருக்குது" என்பார். அங்கே ஒரு கல்லை நட்டு அடையாளம் வைத்து, போர் வண்டிக்குச் சொல்லி விடுவார்கள்.

எங்கள் ஊரில் அப்படித் தண்ணீர் பார்ப்பவர் என் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர். நாற்பது வருடமாகப் பார்க்கிறார். ஒரு பைசா வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கோடு சரி. அவர் கையில் தேங்காய் எழுந்து நிற்பதைச் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

போன வருடம் எங்கள் தோட்டத்தில் இரண்டு போர் போட்டோம். இரண்டுமே அப்புச்சி பார்த்துக் கொடுத்த இடங்கள். ஒன்று 650 அடி, மற்றொன்று 800 அடி. இரண்டிலும் புழுதிதான் பறந்தது. அந்தச் செலவுக்கு அடகு வைத்த அம்மாவின் நகை இன்னும் வீடு திரும்பவில்லை. மூன்றாவது இடமும் பார்த்தாகி விட்டது. அப்பா மறுபடி கடன் கேட்கக் கிளம்பியபோது நான் லீவில் ஊரில் இருந்தேன். "ஒரு மாசம் பொறுங்கப்பா" என்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போனில் வந்த ஆசான்

இரண்டாம் ஆண்டில் ஃபாரடே விதிகளை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் மார்க் வந்தது, விதி மட்டும் புரியவில்லை. அதனால் ராத்திரி ஹாஸ்டலில் போனில் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் இது. பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். ஆங்கிலம் எனக்கு வேகமாக ஓடியது. வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்தி, தெரியாத சொல்லை நோட்டில் எழுதி, அகராதியில் பார்த்து... ஒரு மணி நேரப் பாடம் எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆனாலும் புரிந்தது!

பாடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடிப் போனேன். மைக்கேல் ஃபாரடே 1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானம் கற்றார். 1813-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்றைய ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் பிள்ளைகளே. அவர் வரலாற்றைத் தேடும்போதுதான், எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்திராத ஒரு பரிசோதனை கண்ணில் பட்டது.

மேசை சுற்றிய மர்மம்

1850-களில் ஐரோப்பா முழுவதும் ஒரு மோகம். சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதன்மேல் கைகளை வைத்துக் காத்திருப்பார்கள். சற்று நேரத்தில் மேசை சுற்ற ஆரம்பிக்கும்! ஆவி என்றார்கள் சிலர். மின்சாரம் என்றார்கள் சிலர், காந்தம் என்றார்கள் வேறு சிலர். மின்சாரம் என்றதும் எல்லோரும் ஃபாரடேயிடம் விளக்கம் கேட்டார்கள்.

1853-இல் அவர் சோதனையில் இறங்கினார். யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. நாணயமானவர்கள் என்று தாம் நம்பியவர்களையே உட்கார வைத்தார். நான்கைந்து வழுவழுப்பான அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மெழுகு போன்ற மென்மையான பசையை வைத்தார். அடி அட்டை மேசையோடு இருக்கும், மேல் அட்டையில் கை இருக்கும். மேசை தானாகச் சுற்றிக் கையை இழுத்துப் போனால் அடி அட்டை முந்த வேண்டும். கை தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். சோதனை முடிந்து பார்த்தபோது முந்தியிருந்தது மேல் அட்டை!

அடுத்து, கை தள்ளினால் உடனே காட்டிக் கொடுக்கும்படி ஒரு வைக்கோல் தண்டை முள்போல அமைத்தார். உட்கார்ந்தவர்கள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மேசை நகரவே இல்லை. ஆம்! தாங்கள் தள்ளுவது தெரிந்ததும் தள்ளல் நின்று விட்டது. அதுவரை தள்ளியதும் அவர்கள்தான், ஆனால் அது அவர்களுக்கே தெரியாது.

மனதில் உள்ள எதிர்பார்ப்பு, நாம் அறியாமலேயே தசையை அசைக்கும். இதற்கு இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கார்ப்பெண்டர் 1852-இல் 'இடியோமோட்டார்' என்று பெயர் வைத்தார். (மோட்டார் என்றதும் நம் லேபில் ஓடும் மூன்று ஃபேஸ் மோட்டாரை நினைக்க வேண்டாம் நண்பர்களே!)

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு அடி நூலில் ஒரு நட்டைக் கட்டுங்கள். தாளில் ஒரு கூட்டல் குறி போட்டு அதன் நடுவுக்கு நேர் மேலே நட்டைத் தொங்க விடுங்கள். கையை ஆட்டாதீர்கள். 'மேலும் கீழுமாக ஆடு' என்று கோட்டைப் பார்த்து மனதில் மட்டும் நினையுங்கள். ஹாஸ்டலில் எட்டுப் பேர் செய்தோம், ஆறு பேருக்கு நட்டு சொன்னபடி ஆடியது! பிறகு கண்ணை மூடச் சொன்னோம். ஆட்டம் கோட்டை விட்டு விலகியது, சிலருக்கு அடங்கியே போனது. பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் இதைத் தாமே செய்து பார்த்து, 1833-இல் ஆம்பியருக்குக் கடிதமாக எழுதினார். ஆம்பியர் வேறு யாருமல்ல, நம் அம்மீட்டரின் ஆம்பியர்தான்.

இப்போது அப்புச்சியிடம் வருவோம். அவர் சில சமயம் வேப்பங்கவையையும் பிடிப்பார். வளைத்துப் பிடித்த கவை ஒரு ஸ்பிரிங் மாதிரி. மணிக்கட்டு மயிரிழை திரும்பினால் போதும், கவை படாரென்று சாயும். தேங்காயும் அப்படியே. உள்ளங்கை சற்றே குழிந்து சாய்ந்தால் உருண்டு நிமிரும். சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் கருவிகள் இவை. ஆனால் கையை அசைப்பது தண்ணீரா, எண்ணமா? இது பேசித் தீர்கிற வழக்கல்ல. சோதிக்க வேண்டும்.

அப்புச்சியோடு ஒரு பரீட்சை

1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த சோதனையைப் பற்றிப் படித்தேன். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் குழாயைப் புதைத்து, அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சுமார் 30 நீர் பார்ப்பவர்களைக் கேட்டார்கள். சோதனை நியாயமானது என்று அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள். முடிவு? குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சிறப்பாக இல்லை.

இதை எப்படி அப்புச்சியிடம் சொல்வது? எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். 'ரெண்டெழுத்துப் படிச்ச திமிரு' என்று அவர் நினைத்துவிட்டால் அதைவிட வருத்தம் எனக்கு வேறில்லை. தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க அப்புச்சி, நீங்க பாத்த எடத்துல எத்தன போர்ல தண்ணி வர்லீங்க?"

"அதெல்லாம் ஆரு கண்ணு எண்ணி வெச்சா? வந்ததுதான் நெனப்புல இருக்குது."

அவர் மறைக்கவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான். பலித்தது மனதில் தங்கும், பலிக்காதது கழன்று போகும்.

"ஒரு சோதன வெக்கலாமுங்களா?" என்றதும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மாமா தோட்டத்தில் மோட்டாரிலிருந்து மண்ணுக்கடியில் இரண்டு குழாய்கள் போகின்றன. ஒன்று தென்னந்தோப்புக்கு, மற்றொன்று மக்காச்சோளக் காட்டுக்கு. மோட்டார் ரூமில் என் மாமா பையன் காசைச் சுண்டுவான். பூ விழுந்தால் தோப்பு வால்வு, தலை விழுந்தால் காட்டு வால்வு. மோட்டார் எப்போதும் ஓடும், எனவே சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. தோப்புக் குழாயின் மேல் நின்று அப்புச்சி தண்ணீர் ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும். எந்த வால்வு திறந்திருக்கிறது என்று பக்கத்தில் நிற்கும் எனக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்!

இருபது தடவை. 16 சரியாக வந்தால் அப்புச்சி ஜெயித்தார் என்று முதலிலேயே எழுதி வைத்தோம். வெறும் குருட்டாம்போக்கில் 16-ஓ அதற்கு மேலோ வர ஆயிரத்தில் ஆறு தடவைதான் வாய்ப்பு உண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் ஐந்து தடவை, எந்த வால்வு என்று அவரிடம் சொல்லியே பார்த்தோம். ஐந்தும் சரி. தேங்காய் கம்பீரமாக நின்றது. பிறகு சொல்லாமல் இருபது தடவை. மாமா பையன் எழுதிய தாளையும் நான் எழுதிய தாளையும் ஒப்பிட்டோம். சரியாக வந்தது 11. காசைச் சுண்டியிருந்தாலே பத்து வரும்.

அப்புச்சி ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் டிக் குறியும் பெருக்கல் குறியும் தெரியும்.

"அப்ப இத்தன வருசமா நாஞ் சொன்னது பூராப் பொய்யா சாமி?"

"பொய் இல்லீங்க அப்புச்சி. உங்குளுக்கே தெரியாம கை பண்ணுதுங்க. பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க கையே அப்படிப் பண்ணியிருக்குதுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அப்பாவிடம் அவரே சொன்னார்: "மாப்ள, மூணாவது எடத்த நிறுத்தி வெய்யுங்க."

பூமிக்கு ஓம் விதி

அப்படியானால் தண்ணீரை எப்படித் தேடுவது? தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அடியில் ஆறு ஓடுவதில்லை. சிதைந்த பாறையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். காய்ந்த கெட்டிப் பாறையின் மின்தடை எண் ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர். நீர் ஊறிய சிதைந்த பாறையில் அது பெரிதும் குறைந்துவிடும். இதை அளப்பதே மின்தடை ஆய்வு.

நான்கு இரும்பு முளைகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் அடிப்பார்கள். வெளி இரண்டின் வழியே கரண்ட், உள் இரண்டில் வோல்ட் அளவு. ஏன் நான்கு? கரண்ட் போகும் முளையிலேயே வோல்ட்டை அளந்தால் முளைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். 1915-இல் வெண்ணர் வெளியிட்ட முறை இது. வோல்ட்டைக் கரண்ட்டால் வகுத்து, 2 பை-யாலும் இடைவெளியாலும் பெருக்க வேண்டும். இடைவெளி 10 மீட்டர், வோல்ட் 0.5, கரண்ட் 0.1 ஆம்பியர் என்றால் தடை 5 ஓம், மின்தடை எண் சுமார் 314 ஓம் மீட்டர். இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்தின் சேதி தெரியும். நாம் படித்த ஓம் விதியேதான்!

இதுவும் தெய்வ வாக்கு இல்லை. களிமண்ணும் உப்பு நீரும் கூட எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆனால் இதில் யார் அளந்தாலும் எண் எழுத்தில் இருக்கும், இன்னொருவர் வந்து சரிபார்க்கலாம். நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறையும் கட்டணம் பெற்று இந்த ஆய்வைச் செய்து தருகிறது.

எங்கள் தோட்டத்தில் அளந்தபோது, மூன்றாவது இடத்தில் ஆழம் போகப் போக எண் ஏறிக்கொண்டே போனது. கெட்டிப் பாறை. கிழக்கு வேலியோரம் ஓரிடத்தில் ஏறி இறங்கியது. அங்கே போட்டோம். 420 அடியில் ஒரு இஞ்சுத் தண்ணீர் வந்தது.

"பையன் சொன்னது பலிச்சிருச்சு" என்று ஊரில் சொன்னார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிணறு சாட்சியாகாது. ஒரு கிணற்றில் தண்ணீர் வந்ததை வைத்துத் தேங்காயை நம்புவது தவறென்றால், ஒரு கிணற்றை வைத்து மீட்டரை நம்புவதும் தவறே. இப்போது எங்கள் பக்கத்தில் போடும் ஒவ்வொரு போரையும், வந்தது வராதது இரண்டையும், ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்தச் சேதிகளைக் கேட்டு வந்து எனக்குச் சொல்பவர் யார் தெரியுமா? அப்புச்சி!

நண்பர்களுக்கு

ஃபாரடேயைக் கொண்டுவந்த அதே போன்தான், 'தேங்காய் நீருக்கும் பூமி நீருக்கும் காந்த ஈர்ப்பு' என்ற வீடியோவையும் கொண்டுவந்தது. இரண்டையும் பிரித்தறிய நான் கேட்கும் கேள்விகள் நான்கு:

1. விடை தெரியாத நிலையில் செய்து காட்டினாரா?
2. தவறிய தடவைகளை எண்ணினாரா?
3. எது வெற்றி என்று முன்கூட்டியே சொன்னாரா?
4. நானே செய்து பார்க்க வழி உண்டா?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் நம் அரசியலமைப்பில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கடமையை ஊரைப் பார்த்துச் சிரிப்பதில் தொடங்காதீர்கள். நம் கையை நாமே சந்தேகிப்பதில் தொடங்குங்கள். ஒரு நட்டும் ஒரு அடி நூலும் போதும்.

மூன்றாம் ஆண்டு,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை