அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? (வேலை ஸ்தலத்தில் நம்முடைய பேச்சு: ஒரு பாடம்)



சேத்தூர், தேவதானம் பக்கமிருந்து ராஜபாளையம் மில்லுகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நம் நடுவிலே உண்டு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கின காலத்திலிருந்து பஞ்சும் நூலும் இந்தப் பகுதி ஜனங்களுக்குச் சோறு போட்டு வருகிறது. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். சிலர் கடையில், சிலர் ஆபீசில், சிலர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். எங்கே வேலை பார்த்தாலும் மேலே ஒரு சூப்பர்வைசர் உண்டு, பக்கத்திலே ஒரு கூட்டாளி உண்டு. இந்த இரண்டு பேருடைய வாய்ப்பேச்சு ஒரு மனுஷனை என்ன செய்கிறது என்பதே இந்த மாதப் பாடம்.

1. நாபாலின் வீடு

1 சாமுவேல் 25-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். நாபால் பெரிய பணக்காரன். மூவாயிரம் ஆடுகள் அவனுக்கு இருந்தன. தாவீதின் ஆட்களை அவன் சீறி அனுப்பிவிட்டான். நானூறு பேர் பட்டயத்தோடு அவன் வீட்டுக்கு விரோதமாகப் புறப்பட்டு வருகிறார்கள். ஆபத்து வருகிறதை முதலில் உணர்ந்தவன் யார்? ஒரு வேலைக்காரன். ஆனால் அவன் எஜமானிடம் போகவில்லை, எஜமானின் மனைவி அபிகாயிலிடம் போனான். ஏன்? தன் எஜமானிடத்தில் ஒருவரும் பேசவே முடியாது என்று அவனே சொல்லுகிறான்.

கவனியுங்கள். நாபாலுக்கு ஆடு குறையவில்லை, ஆள் குறையவில்லை. அவனிடத்தில் போய் உண்மையைச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் இல்லை. அபிகாயில் இல்லாதிருந்தால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும்?

ஆகவே மேற்பார்வையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: "ஒரு கெட்ட செய்தியை என்னிடம் வந்து சொல்ல என் ஆட்களுக்குத் தைரியம் இருக்கிறதா?"

2. மில்லின் சத்தத்துக்குள்ளே

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஷிப்ட். கார்டிங் பகுதியில் நிற்கிற பையனுக்கு லேசாகக் கருகின வாடை வருகிறது. சொல்லலாமா என்று யோசிக்கிறான். போன வாரம் இப்படித்தான் ஒன்றைச் சொல்லப் போனான். "ஏலே, நீ என்ன பெரிய இன்ஜினியரா? போய் உன் வேலையைப் பாரு" என்று பத்துப் பேர் நடுவிலே கேட்டாச்சு. இன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. பஞ்சிலே பொறி விழுந்தால் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்பது மில்லில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். போன வாரம் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்த வாரம் எத்தனை பேர் விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

இன்னொன்று, பஞ்சுத் தூசியில் வருகிற பிசினோசிஸ் என்னும் நோய். லீவு முடிந்து முதல்நாள் வேலைக்குப் போகும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், மறுநாள் கொஞ்சம் தணியும். இதுதான் அதின் ஆரம்ப அடையாளம். "திங்கக்கிழமையானா இவனுக்கு ஒரு சாக்கு" என்று கேலி பண்ணுகிற சூப்பர்வைசரிடம் யார் போய் இதைச் சொல்லுவார்? சொல்லாமலே வருஷங்கள் ஓடினால் நுரையீரல் கெட்டுப்போகும். பிறகு மருந்து சாப்பிட்டாலும் பழைய மூச்சு திரும்பாது.

ரிங் பிரேம் ஓடுகிற இடத்தில் சத்தம் போட்டால்தான் காது கேட்கும் என்பது நிஜந்தான். ஆனால் சத்தமாகப் பேசுவது வேறு, அசிங்கமாகப் பேசுவது வேறு. மெஷின் நின்ற பிறகும் அதே தொனியில் பேசுகிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூப்பர்வைசருக்கும் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. புரொடக்ஷன் குறைந்தால் அவரை மேலே இருக்கிறவர் திட்டுகிறார். அவர் மேஸ்திரியைத் திட்டுகிறார். மேஸ்திரி தொழிலாளியைத் திட்டுகிறார். தொழிலாளி வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுகிறார், பிள்ளை பயந்து ஒரு மூலையில் உட்காருகிறது. மேலே சொன்ன ஒரு சுடுசொல் கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் வந்து இறங்குகிறது. நடுவிலே யாராவது ஒருவர் "இது என்னோடு நிற்கட்டும்" என்று நிறுத்த வேண்டும் அல்லவா?

3. உலகம் கண்டுகொண்டது

அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாத்தார்ன் என்னும் இடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1924 முதல் 1932 வரை அங்கே பல ஆராய்ச்சிகள் நடந்தன. 1928-க்குப் பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். முதலில் தாங்கள் எழுதி வைத்திருந்த கேள்விகளையே கேட்டார்கள். ஜனங்களோ வேறு எதையோ சொல்லத் துடித்தார்கள். ஆகவே கேள்வியை விட்டுவிட்டு, அவர்கள் பேசுகிறதைக் கேட்கத் தொடங்கினார்கள். சம்பளமும் வெளிச்சமும் மாத்திரமல்ல, மேலே இருக்கிறவர் நடத்துகிற விதமும் கூட இருக்கிறவர்களின் உறவும் வேலையைப் பாதிக்கிறது என்பது அங்கே பேசப்பட்டது.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன! அவருக்கே ஆச்சரியம். விசாரித்துப் பார்த்தபோது தெரிந்த காரணம் என்ன? அங்கே இருந்தவர்கள் தவறை ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் பயந்து மறைத்தார்கள். "என் ஷிப்டில் ஒரு கம்ப்ளைண்டும் கிடையாது" என்று பெருமை பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கம்ப்ளைண்ட் இல்லையா, அல்லது சொல்ல ஆள் இல்லையா?

4. நம் பக்கத்திலேயே நடந்தது

திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஓர் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய மேற்பார்வையாளரே. பெண் தொழிலாளிகள் படுகிற தொந்தரவு அதற்குப் பிறகுதான் ஊரறியப் பேசப்பட்டது.

2022 ஏப்ரலில் தொழிலாளர் சங்கமும் கம்பெனியும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் செய்தன. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியான எச் அண்ட் எம்மும், பின்னர் கேப், பிவிஎச் ஆகியவையும் அதில் சேர்ந்தன. அதற்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். தொழிலாளிகளிலிருந்தே சில பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் தங்கள் குறையை முதலில் அவர்களிடம் சொல்லலாம். சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் எழுதினார்கள். ஒரு உயிர் போன பிறகுதான் "சொல்ல ஒரு ஆள்" கிடைத்தார். முன்னமே கிடைத்திருந்தால்!

பொறுமை என்று சொல்லி இப்படிப்பட்ட காரியங்களை மூடிவைப்பது சரியல்ல. கடுஞ்சொல்லைச் சகிப்பது ஒன்று, அக்கிரமத்தை மறைப்பது மற்றொன்று. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமானால் மாவட்ட அளவில் குழு உண்டு. 181 என்ற எண்ணிலும் பெண்கள் உதவி கேட்கலாம். பிள்ளை வேலைக்குப் போகமாட்டேன் என்று அழுதால், "ஒழுங்கா போ" என்று துரத்துவதற்கு முன்னே "என்னம்மா நடந்துச்சு?" என்று தாய்மார் கேளுங்கள்.

5. கூட்டாளியின் நாவு

எல்லாப் பழியையும் மேலே போட்டுவிட முடியாது. போட்டுக்கொடுப்பது, புறங்கூறுவது, ஜாதியைக் குத்திப் பேசுவது, புதிதாக வந்தவனைப் பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுவது, இவையெல்லாம் நம்மைப் போன்ற கூட்டாளிகள் செய்கிறது. இன்று மில்லுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாத ஒருவனுக்கு "அந்தப் பெல்ட்டுக்கிட்ட கையை வைக்காதே" என்பதைச் சைகையிலாவது புரியவைத்தோமா, அல்லது பார்த்துச் சிரித்தோமா? அந்தச் சிரிப்பினால் அவன் விரல் போகலாம்.

ரூத் 2-ம் அதிகாரத்தில் போவாஸ் வயலுக்கு வந்தவுடன் கணக்குக் கேட்கவில்லை. முதலில் அறுக்கிறவர்களை வாழ்த்தினான், அவர்களும் பதிலுக்கு வாழ்த்தினார்கள். அந்நிய தேசத்துப் பெண்ணாகிய ரூத்தைத் தொடாதபடிக்கும் அவமானப்படுத்தாதபடிக்கும் வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். தாகம் எடுத்தால் தண்ணீர் எங்கே குடிக்கலாம் என்று அவளுக்கே சொன்னான். நல்ல மேற்பார்வைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாம் செய்ய வேண்டியவை

மேற்பார்வையில் இருக்கிறவர்கள்: குற்றத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், நன்மையை நாலு பேர் முன்னே சொல்லுங்கள். வயதில் மூத்தவரை "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டால் உங்கள் பதவி குறைந்து போகாது. கெட்ட செய்தி கொண்டுவந்தவனுக்கு முதலில் "நல்ல வேளை சொன்னே" என்று சொல்லுங்கள்.

கூட்டாளிகள்: ஒருவன் திட்டு வாங்கி நிற்கும்போது சிரிக்காதிருங்கள். டீ குடிக்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் தனியே சொல்லப் பயப்பட்டால் துணைக்கு நில்லுங்கள்.

சிந்திக்க: ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்லுகிற இந்த வாய், திங்கட்கிழமை ஷிப்டில் என்ன சொல்லுகிறது? நம்மோடு வேலை செய்கிறவர் அதற்குச் சாட்சி. அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கப் பயமாக இருந்தால், அந்தப் பயமே நமக்கு ஒரு பதில்தான்.