பெயரில் ‘என்’ இருந்தால் போதுமா?

சி மொழி நிரலை ரிவ்யூ செய்பவர்கள் பெரும்பாலும் தர்க்கத்தைத்தான் தேடுகிறார்கள். ஸ்ட்ரிங்குகளைக் கையாளும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெயர்களை. அங்கே வேரூன்றிய சில நம்பிக்கைகள் நிஜமாகவே ஆபத்தானவை.

நம்பிக்கை: ஃபங்ஷன் பெயரில் ‘என்’ இருந்தால் அது பாதுகாப்பானது.

உண்மை: ‘ஸ்டர்-என்-காப்பி’ பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயர் போன்ற நிலையான நீளப் புலங்களை நிரப்ப வந்தது. கோப்புப் பெயருக்கு அன்று 14 பைட்டு. பெயர் அதற்குள் அடங்கினால் மீதி இடமெல்லாம் சுழி. 14-ம் நிறைந்துவிட்டால் முடிவுக்குறியே தேவையில்லை. அந்த வேலைக்கு அது கச்சிதம். சாதாரண ஸ்ட்ரிங்குக்கு அப்படியல்ல. 8 பைட்டு பஃபரில் ‘பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லை, அளவு 8 என்று கொடுத்து நகலெடுங்கள். எட்டு எழுத்தும் உட்கார்ந்துவிடும். முடிவைக் காட்டும் சுழி பைட்டுக்கு இடமிருக்காது. பிறகு அதை ‘பிரின்ட்-எஃப்’பிடம் கொடுத்தால், பஃபரைத் தாண்டி எங்காவது ஒரு சுழி அகப்படும்வரை படித்துக்கொண்டே போகும். கடவுச்சொல்லும் சாவியும் கசிவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

‘ஸ்டர்-என்-கேட்’டில் அதே ‘என்’ பஃபரின் அளவல்ல, இன்னும் எத்தனை எழுத்தைச் சேர்க்கலாம் என்ற வரம்பு. 16 பைட்டு பஃபரில் ஏற்கெனவே 10 எழுத்து இருந்தால் கொடுக்க வேண்டியது 5. பலர் 16 என்றே கொடுக்கிறார்கள். ‘எஸ்-என்-பிரின்ட்-எஃப்’பில்தான் அது பஃபரின் முழு அளவு. இந்தக் குழப்பத்துக்காகவே 1998-இல் ஓபன்பிஎஸ்டி ‘ஸ்டர்-எல்-காப்பி’யைக் கொண்டுவந்தது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சி அதைச் சேர்த்துக்கொள்ள 2023 ஆனது.

நம்பிக்கை: நம் சொந்த ஃபங்ஷனுக்கும் ‘ஸ்டர்’ என்று பெயர் தொடங்கினால் நிரல் ஒரே சீராக இருக்கும்.

உண்மை: ‘ஸ்டர்’ரை ஒட்டிச் சின்ன எழுத்து வரும் பெயர்களை சி தரநிலை தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. ‘ஸ்டர்-டூப்’பை சி23 அப்படித்தான் உள்ளே எடுத்துக்கொண்டது. நடுவில் ஓர் அடிக்கோடு போடுங்கள், அல்லது திட்டத்தின் முன்னொட்டைச் சேருங்கள்.

நம்பிக்கை: கொடிக்கு (ஃபிளாக்) உண்மை, பொய் இரண்டே போதும்.

உண்மை: ‘நகலெடு, 1, 0’ என்று முடியும் அழைப்பைப் படிப்பவருக்கு எது வெட்டுவது, எது சுழியால் நிரப்புவது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கொடிக்கும் பெயர் வையுங்கள். பிட்டுகளாகச் சேர்ப்பதென்றால் மதிப்புகள் 1, 2, 4, 8 என்று போகட்டும். மூன்றாவது கொடிக்கு யாராவது 3 கொடுத்தால் முதல் இரண்டும் சேர்ந்து எழும். ‘வெட்டாதே’ என்பதுபோல எதிர்மறைப் பெயர் வேண்டவே வேண்டாம். ‘ஸ்டர்-கம்ப்’ தான் ஒப்பிடும் இரண்டு ஸ்ட்ரிங்கும் ஒன்றானால் சுழியைத் தரும். அதை அப்படியே ‘ஒன்றா’ என்ற மாறியில் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். அப்படி ஒரு வரி ரிவ்யூவுக்கு வந்தால், டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டினாலும் திருப்பி அனுப்புங்கள்.