யூத ஆலயங்களும் வந்து சேர்ந்த மருமக்களும்

சிறுபான்மைச் சமயத்தார் அனைவரையும் வாட்டும் வினா ஒன்று உண்டு. பெற்ற பிள்ளை வேற்றுச் சமயத்தில் வாழ்க்கைத் துணையைத் தேடிக்கொண்டால் பெற்றோர் என் செய்வது, ஆலயம் என் செய்வது என்பதே அது. நம் இல்லங்களில் இது தாழ்ந்த குரலில் பேசப்படுகிறது. சில இல்லங்களில் பேசப்படுவதே இல்லை. அமெரிக்க யூதர்களோ ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இதனை மேடையில் வைத்தே வாதித்து வருகின்றனர். அவர்கள் செய்தவற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

யூதர் வழிபடும் இடத்தை ஜெபக்கூடம் என்பர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த பரதேசி ஜெபக்கூடத்தை நம்மவர் பலர் கண்டிருக்கலாம். ஜெபக்கூடம் தொழுமிடம் மட்டுமன்று. பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி தரும் பள்ளியும், நன்மை தீமைகளுக்கு உறவினர் கூடும் மன்றமும் அதுவே. அதன் ஆசானை ரபி என்று அழைப்பர்.

யூதரின் பழைய நெறிப்படி தாய் யூதராயின் பிள்ளை யூதர். தந்தை மட்டும் யூதராயின் பிள்ளை யூதரல்லர். ஆகவே மகன் வேற்றுச் சமயப் பெண்ணை மணந்தால் பேரப்பிள்ளைகள் சமயத்திற்குப் புறத்தே நின்றுவிடுவர். வேற்றிடத்தில் மணந்த பிள்ளையை இறந்தவராகவே எண்ணி ஏழு நாள் துக்கம் காத்த பெற்றோரும் முற்காலத்தில் இருந்தனர். ஆயினும் கலப்பு மணம் நின்றபாடில்லை. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மணந்த யூதருள் 52 விழுக்காட்டினர் வேற்றுச் சமயத்தாரை மணந்தனர் என்று அறிவித்தது. அந்த எண் மிகை என்று பின்னர்த் திருத்தப்பட்டது எனினும், அது விளைத்த கலக்கம் பெரிது. 2020இல் நடந்த பியூ ஆய்வில், 2010க்குப் பின் மணந்தோருள் 61 விழுக்காட்டினர் அவ்வாறு மணந்திருந்தனர்.

இந்நிலையை முன்னரே உணர்ந்தவர் ரபி அலெக்சாண்டர் ஷிண்ட்லர். 1925இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இளமையிலேயே அமெரிக்கா வந்தவர். சீர்திருத்த யூதப் பிரிவின் ஆலயக் கூட்டமைப்புக்குத் தலைவராயிருந்த அவர், 1978 டிசம்பரில் ஹூஸ்டன் நகரில் ஆற்றிய உரையில், கலப்பு மணம் புரிந்தோரைத் துரத்தாது அழைக்க வேண்டும், சேர விரும்புவோருக்கு வழிகாட்ட வேண்டும் என்று வேண்டினார். தம் இனத்தில் பெருந்தொகையினர் கொன்றழிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர், எஞ்சியோரின் பிள்ளைகளைத் தாமே வெளியேற்றலாகாது என்று எண்ணியதில் வியப்பில்லை. 1983இல் அப்பிரிவின் ரபிகள் மேலும் ஓரடி வைத்தனர். தாய் தந்தையருள் எவரேனும் ஒருவர் யூதராயிருந்து, பிள்ளையும் பெயரிடுதல், தோரா பயிலுதல் முதலிய செயல்களால் தன்னை வெளிப்படையாக அச்சமயத்தோடு இணைத்துக்கொண்டால் யூதராகவே கொள்ளலாம் என்பது அவர்தம் முடிவு.

முடிவுகள் ஏட்டில் இருந்தால் போதாதன்றோ? ஜெபக்கூடங்கள் வகுப்புகளைத் தொடங்கின. வாரம் ஒரு நாளாகச் சில மாதங்கள் நடைபெறும் அறிமுக வகுப்பிற்கு இருவரும் சேர்ந்தே வருவர். ஓய்வு நாளான சப்பாத்தின் மாலையில் விளக்கேற்றும் முறை, பாஸ்கா விருந்தின் பொருள், எபிரேய எழுத்துகள், பிரார்த்தனைகள் என்று பாடம் விரியும். உறுப்பினர் குடும்பங்கள் புதியவரைத் தம் வீட்டுச் சப்பாத் உணவுக்கு அழைப்பதும் உண்டு. நம் கருத்தில் வகுப்பினும் இதுவே சிறந்தது. வீட்டுச் சடங்கை நூலில் படித்துக் கற்றல் அரிது. மாமியார் அருகில் நின்று பார்த்தே கற்க வேண்டும். அந்த மாமியார் இல்லாத இடத்தை ஆலயத்தார் நிரப்புகின்றனர்.

தம்பதியர் மட்டும் கூடிப் பேசும் சிறு குழுக்களும் உள. டிசம்பர் மாதத்தில் இல்லத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பதா, ஹனுக்கா விளக்கு ஏற்றுவதா, இரண்டுமா என்பது அங்கே ஆண்டுதோறும் எழும் சிக்கல். தாம் மதம் மாறாமலே பிள்ளைகளை யூதராக வளர்க்க இசைந்த தாய்மாருக்கெனத் தனி வகுப்புகள் நடத்துவோரும் உளர். பிறர் சமயத்தைத் தன் பிள்ளைக்கு ஊட்ட முன்வரும் தாயின் ஈகை சிறிதன்று.

முழுமையாகச் சேர விரும்புவோருக்கு நெறி கடுமையானது. வந்தவரை மும்முறை திருப்பியனுப்புதல் பழைய மரபு. பின்னர் நெடிய கல்வி, மூவர் அமர்ந்த மன்றத்தில் விசாரணை, ஆடவர்க்கு விருத்தசேதனம், இறுதியில் மிக்வே எனப்படும் நீர்நிலையில் மூழ்குதல். அதன்பின் அவர் ஆபிரகாம், சாராள் ஆகியோரின் மகன் அல்லது மகள் என்று எபிரேயப் பெயர் பெறுவார். அவருடைய பழைய வாழ்வைச் சுட்டிக்காட்டிப் புண்படுத்தலாகாது என்று தல்மூது விலக்குகிறது. மோவாபியப் பெண்ணான ரூத் வந்து சேர்ந்தவளே. அவள் மரபில்தான் தாவீது மன்னன் தோன்றினான். முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்து, அவரிடமே அறங்கேட்டுத் தெளிந்த நீலகேசியை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

இவற்றை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வைதிக யூதர், வரவேற்பு என்பது கலப்பு மணத்திற்கு அளிக்கும் ஆசியாகவே முடியும் என்கின்றனர். சீர்திருத்தப் பிரிவினர் செய்யும் மதமாற்றத்தையும் ஏற்பதில்லை. நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவு, தம் ரபிகள் கலப்பு மணத்தை நடத்தி வைக்கலாகாது என்று 1973இல் விதித்தது. ஆனால் யூதரல்லாத துணைவரை உறுப்பினராகச் சேர்ப்பதை 2017இல் அந்தந்த ஆலயத்தின் விருப்பத்திற்கு விட்டது. சீர்திருத்தப் பிரிவின் ரபிக் கல்லூரியோ, யூதரல்லாத துணையை உடைய மாணவரைச் சேர்ப்பதில்லை என்ற விதியை 2024இல்தான் நீக்கியது.

பயன் விளைந்ததா? பியூ நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெற்றோருள் ஒருவர் மட்டும் யூதராயிருந்தோரில் 65 வயதைக் கடந்தவருள் 25 விழுக்காட்டினரே தம்மை யூதர் என்றனர். 30 வயதிற்குட்பட்டோரிலோ 59 விழுக்காட்டினர். இது வகுப்புகளால் மட்டும் விளைந்தது எனல் இயலாது. அவ்வாறு கூறிக்கொள்வோருள் சமய ஒழுக்கம் இன்றி இனப்பெயரை மட்டும் தாங்கியோரும் பலர். எனினும் கதவடைப்பினால் அவர்களும் கிடைத்திரார் என்பது நம் எண்ணம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் தளர்ந்தாரை நிலைநிறுத்துதலையும், அறத்தாரிடம் பேரன்பு உடைமையையும் நம் ஆசிரியர்கள் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

யூத ஆலயங்களை இன்றும் பிரித்து நிற்கும் வினாக்களுள் ஒன்று இடுகாடு பற்றியது. வைதிகரின் இடுகாட்டில் யூதரல்லாத துணைவருக்கு இடமில்லை. சீர்திருத்த ஆலயங்கள் பலவற்றில், நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளைச் சமயப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அத்தாய், மதம் மாறாமலே இறந்தாலும், கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்படுகிறாள்.