கரண்ட் பில்லை ஏற்றியது மிக்ஸியா?



இந்த மாதப் பாடம் கரண்ட் பில் பற்றியது. குழுவுக்கும் கரண்ட் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

2023 கோடையில் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஏழு வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாத உறுப்பினர் ஒருவர் அந்த மாதம் உள்கடன் தவணை கட்டவில்லை. அபராதம் போடலாமா என்று பேச்சு வந்தது. தீர்மானப் புத்தகத்தையும் திறந்துவிட்டார்கள். அப்போது அவர் எழுந்து, "கரண்ட் பில்லு ரெண்டாயிரத்து இருநூத்தி எழுபது வந்துடுச்சுக்கா. தவணைக்கு வெச்சிருந்ததை எடுத்துக் கட்டிட்டேன்" என்றார். அதோடு முடியவில்லை. அவர் குழுக்கடனில் வாங்கிய மிக்ஸியும் ஃப்ரிட்ஜும்தான் பில்லை ஏற்றிவிட்டது என்று வீட்டில் முடிவாகி, இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். "நாங்க எல்லாம் அம்மியில அரைக்கலையா?" என்று மாமியார் கேட்டாராம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பத்து நாளாக விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறார்.

அபராதத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் மீட்டரைப் பார்ப்போம் என்று ஊக்குநர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேராக அவர் வீட்டுக்குப் போனோம். மீட்டர் பெட்டிக்கு மேலே செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தோம். முந்தைய இரண்டு மாதத்துக்கு 486 யூனிட், 1,641 ரூபாய். இந்த முறை 540 யூனிட், 2,270 ரூபாய். கூடியது 54 யூனிட்தான். பணமோ 629 ரூபாய் கூடியிருக்கிறது. எப்படி?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். அப்போதிருந்த கட்டணம் 2022 செப்டம்பரில் வந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் செலவு செய்த வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய்விடும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு போடுவார்கள். மேலே போகிற யூனிட்டுக்கு 8 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 என்றால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! கட்டணம் பிறகு 2024 ஜூலையில் உயர்ந்தது, இனியும் மாறலாம். ஆகவே உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் ரசீதில் உள்ள கட்டணப்படியே போட்டுப் பாருங்கள்.

500 பக்கத்தில் நிற்கிற வீடுகள் இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். 150, 200 யூனிட் வருகிற வீட்டில் பத்து யூனிட் மிச்சம் பிடித்தால் அந்தக் கட்டணப்படி இருபத்திரண்டு ரூபாய்தான் மிஞ்சும். அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

சரி, அந்த 54 யூனிட் எங்கே போனது?

யூனிட் கணக்கு கூலிக் கணக்கு மாதிரிதான். ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை என்று பெருக்குகிறோம் இல்லையா? கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் என்பது கூலி. ஓடுகிற மணி நேரம் என்பது நாள். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். 500 வாட். தெருமுனை வரை சத்தம் கேட்கும், அதனால் பழி அதன் மேல் விழுகிறது. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு வெறும் 5 யூனிட். கிரைண்டர் 150 வாட். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் மாவு ஆட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட வராது. சத்தமே போடாமல் தலைக்கு மேலே சுற்றுகிற பழைய ஃபேன் 75 வாட். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். நாலு ஃபேன் என்றால் 216. சத்தத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது சகோதரிகளே. இந்தக் கணக்கை மாமியாருக்கு முன்னாலேயே நோட்டில் போட்டுக் காட்டினோம். அவர் நம்பவில்லை.

பிறகு மீட்டரிலேயே காட்டினோம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். கரண்ட் அதிகமாக ஓடினால் வேகமாக மினுக்கும், குறைவாக ஓடினால் நிதானமாக மினுக்கும். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். டிவியை ரிமோட்டில் நிறுத்தியிருந்தும் விளக்கு மெதுவாக மினுக்கிக்கொண்டே இருந்தது. செட்டாப் பாக்ஸ்! 10 வாட் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். மூன்று மிக்ஸி சாப்பிடுவதை அது சும்மா உட்கார்ந்தே சாப்பிடுகிறது. ரிமோட்டில் அணைப்பது அணைப்பதே இல்லை. சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும்.

அடுத்து தண்ணீர் மோட்டாரைப் போட்டோம். சிவப்பு விளக்கு மின்னிய வேகத்தைப் பார்த்துக் கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு எச்.பி. மோட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். "எவ்வளவு நேரம் போடுறீங்க?" என்று கேட்டோம். முன்னெல்லாம் காலையில் அரை மணி நேரம் போட்டால் தொட்டி நிறைந்துவிடுமாம். இப்போது காலையில் முக்கால் மணி, சாயங்காலம் முக்கால் மணி. வெயில் காலம், தண்ணீர் செலவு கூட என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கணக்கு ஒத்து வந்துவிட்டது. மோட்டார் சுவிட்ச் போடுவது வீட்டுக்காரர். மிக்ஸி சுவிட்ச் போடுவது மருமகள். எது கண்ணில் பட்டது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கே போகிறது என்று தேடினோம். தொட்டியிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போகும் குழாய் மண்ணுக்குள் மூட்டு விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் இருந்த வாழை மட்டும் சித்திரை வெயிலிலும் பச்சைப் பசேலென்று நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் நல்ல ரகம் என்று நினைத்தார்களாம்! வீட்டுக்காரர் அன்றைக்கே தோண்டிப் பார்த்து மூட்டை மாற்றினார். 180 ரூபாய் செலவு.

ஃப்ரிட்ஜிலும் குற்றம் இல்லாமல் இல்லை. பழைய பெட்டி. கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. இதை நீங்களும் சோதிக்கலாம். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம். ரப்பரை மட்டும் மாற்றலாம். ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீங்க. சூடு வெளியேற அரையடி இடம் விடுங்க. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பை ஆறவைத்து உள்ளே வையுங்கள். ராத்திரி ஃப்ரிட்ஜை நிறுத்தினால் மிச்சம் என்று பலர் சொல்கிறார்கள். காலையில் மறுபடி குளிர வைக்க அது கூடுதலாக ஓடத்தான் செய்யும், பால் கெட்டால் அது தனி நஷ்டம்.

புதிது வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு வராதீங்க. அந்த ஸ்டிக்கரிலேயே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதை ஆறால் வகுத்தால் உங்கள் இரண்டு மாதக் கணக்கு வந்துவிடும். 200 என்று போட்டிருந்தால் 33 யூனிட். ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் இழுக்கிற பழைய ஃப்ரிட்ஜ் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். பழையது மலிவு என்று செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்குக் கடன் கேட்டால், குழு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

ஃபேன் விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் வேறு. இப்போது வரும் 30 வாட் ஃபேன் அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு 22 யூனிட்தான் எடுக்கும். நல்லதுதான், ஆனால் விலை அதிகம். நன்றாக ஓடுகிற நாலு ஃபேனையும் கழற்றிவிட்டுக் கடனில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடுகிற ஒன்றை, அது ரிப்பேர் ஆகும்போது மாற்றுங்கள். உட்காரும் அளவுக்குச் சூடாகிற பழைய பெரிய ரெகுலேட்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடலாம். பழையதில் ஃபேனை மெதுவாக வைத்தாலும் மிச்சமாக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு சூடாகவே வீணாகிவிடும்.

பல்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், 2015-க்குப் பிறகு எல்.இ.டி. பல்பு ஊரெல்லாம் வந்துவிட்டது. ஆனால் கொட்டகையிலும் கொல்லைப்புறத்திலும் இன்னும் மஞ்சள் பல்பு தொங்குகிறது. ராத்திரி முழுக்க, பதினொரு மணி நேரம் எரியும் 60 வாட் பல்பு இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் 6 யூனிட். கூடத்தை மாற்றிவிட்டுக் கொல்லையை மறந்துவிடுகிறோம்.

சூடு பண்ணுகிற எதுவும் கரண்டை விழுங்கும். அயர்ன் பாக்ஸ் 1000 வாட். தினம் ஒரு சட்டைக்காக அதைச் சூடாக்காமல் வாரத் துணியை ஒன்றாகத் தேய்க்கலாம். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி 1500 வாட், இருபது நிமிஷத்துக்கு அரை யூனிட். பணத்தைவிட உயிர் பெரிது: சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கம்பியே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

அந்த வீட்டில் அடுத்த கணக்கெடுப்பில் 462 யூனிட், 1,497 ரூபாய் வந்தது. குழு அபராதம் போடவில்லை. விட்டுப்போன தவணையை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். மாமியார் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே சட்னி மிக்ஸியில்தான் அரைபட்டது என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

அந்த உறுப்பினர் இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சேமிப்புப் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மீட்டர் எண்ணைக் குறித்து வைக்கிறார். போன வாரத்து எண்ணை இந்த வாரத்து எண்ணிலிருந்து கழித்தால் அந்த வாரச் செலவு. 500-க்குள் நிற்க வாரத்துக்கு 58 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. 200-க்குள் நிற்க 23. ஒரு வாரம் திடீரென்று கூடினால் அந்த வாரமே காரணம் தேடலாம், பில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ரீடிங் எடுக்க அறுபது நாளைத் தாண்டி வந்தாலும், நம்மிடம் தேதியும் எண்ணும் எழுத்தில் இருந்தால் கேட்பதற்கு வாய் இருக்கும். மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் கே.டபிள்யூ.எச். என்று ஆங்கில எழுத்தில் வருகிற எண்ணை மட்டும் எழுதுங்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது வேண்டாம். எழுத்துத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் நாலு வார மீட்டர் எண்ணையும் வெள்ளை அட்டை அல்லது கடைசி ரசீதையும் கொண்டு வாருங்கள். கணக்கை அங்கேயே உட்கார்ந்து போடுவோம்.