அந்த இன்னொரு கை என்ன செய்யுது?



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி என்னுடையது. கிரிக்கெட் பற்றித்தான் எழுதுவேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல, இறகுப்பந்து. நாம ஷட்டில்னு சொல்றோமே, அதுதான். சிலர் இதையே பூப்பந்துன்னு சொல்வாங்க, அது தப்பு. பூப்பந்து கம்பளிப் பந்தில் ஆடுவது, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். இறகுப்பந்தில் பந்தே கிடையாது. 16 இறகு செருகின ஒரு சின்னத் தக்கை. எடை ஐந்து கிராம் அளவுதான். ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஆள். தவறவிட்டா எடுத்துக்கொடுக்க கூட யாரும் இல்ல.

காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் அப்படி ஒற்றையர் ஆடுறவங்க. 2002-இல் பிறந்தவங்க. பிறவியிலேயே இடது கையில் குறைபாடு. அப்பாதான் முதல் பயிற்சியாளர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிச்சுக்கிட்டே நாடு நாடாகப் போய் ஆடினாங்க. மாட்டுக்கு வைத்தியம் படிக்கிற பாடமும் சுலபம் இல்ல, இதுவும் சுலபம் இல்ல. இரண்டையும் எப்படிச் சமாளிச்சாங்கன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இப்போ ஒரு கேள்வி. மட்டை பிடிப்பது வலது கை. குறை இருப்பது இடது கை. அப்புறம் என்ன கஷ்டம்?

நானும் அப்படித்தான் கேட்டேன். முழாண்டு லீவுக்கு அசோக் நகரில் அத்தை வீட்டில் இருந்தப்போ சோதிச்சுப் பார்த்தேன். அந்தத் தெருவில் சாயங்காலம் ஆனா ஒரு கேட்டுக்கும் கரண்ட் கம்பத்துக்கும் கயிறு கட்டி ஷட்டில் ஆடுவாங்க. ஸ்கூட்டர் வந்தா கயிறைத் தூக்கணும். நான் என் இடது கையை துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கிட்டு ஆடினேன். மேலே வந்த ஷட்டிலை அடிக்கத் தாவினேன், உடம்பு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்போதான் புரிஞ்சது. மட்டை பிடிக்காத கை சும்மா தொங்குறது இல்ல. தலைக்கு மேலே அடிக்கும்போது அது முன்னாடி நீண்டு ஷட்டிலைக் குறி பார்க்குது. அடிக்கிற நேரத்தில் கீழே இறங்கி உடம்பைத் திருப்பி வேகம் கொடுக்குது. குனிஞ்சு எடுக்கும்போது பின்னாடி நீண்டு விழாம தாங்குது. தராசில் ஒரு தட்டு மாதிரி. அந்தத் தட்டு சரியா இல்லேன்னா அந்த வேலையை இடுப்பும் காலும் சேர்ந்து செய்யணும். சர்வீஸ் போட ஷட்டிலைப் பிடிப்பதும் அந்தக் கைதானே!

கையில் குறை உள்ளவங்க நின்று ஆடும் பிரிவுக்கு எஸ்.யூ.5 என்று பெயர். கோர்ட் அளவைக் குறைக்க மாட்டாங்க, வலை உயரமும் அதேதான். யாரும் இரக்கப்பட்டு மெதுவா அடிக்கப் போறதும் இல்ல.

அந்தத் தெருவில் ஒரு பெண் இருந்தாள். என் வயசுதான். வலது கை தோளுக்கு மேலே தூக்க வராது. அவளை ஸ்கோர் சொல்ல மட்டும் உட்கார வைப்பாங்க. "நீ நல்லா எண்ணுவியே, நீயே எண்ணு"ன்னு. பாராட்டுற மாதிரி சொல்லியே ஒதுக்கி வச்சிருந்தாங்க. நான் அவளிடம் மனிஷா ராமதாஸ் பற்றிச் சொன்னேன். திருவள்ளூர் மாவட்டம். பிறக்கும்போது வலது கை நரம்பு பாதிக்கப்பட்டது. இடது கையால் ஆடுறாங்க. 2022-இல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கினப்போ வயசு 17. அன்னைக்கு அவள் எதுவும் பேசல. மறுநாள் இடது கையில் மட்டையோட வந்து நின்னா. பத்துக்கு மூணு பட்டது. அடுத்த வாரம் ஆறு. இப்போ ஸ்கோரை வேற யாரோ எண்ணுறாங்க, அடிக்கடி தப்பா.

2023-இல் சீனாவின் ஹாங்சோவில் ஆசியப் பாரா விளையாட்டு நடந்தது. இறுதியில் துளசிமதிக்கு எதிரே யாங் சியூசியா. டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினவங்க, அதோட சீனாக்காரங்க. அவங்க ஊரிலேயே 21-19, 21-19 என்று துளசிமதி ஜெயிச்சாங்க.

அடுத்து 2024 பாரிஸ் பாராலிம்பிக். அரையிறுதியில் துளசிமதியும் மனிஷாவும் ஒருவருக்கு எதிரே ஒருவர்! நம்ம பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் பாரிஸில் மோதினா யாருக்குக் கை தட்டுறது? முதல் கேம் 23-21. அங்கே 21 புள்ளி ஆட்டம், ஆனா 20-20 ஆயிட்டா இரண்டு புள்ளி கூட எடுக்கணும். அதனால்தான் 23 வரை போச்சு. அடுத்தது 21-17, துளசிமதிக்கு வெற்றி. செப்டம்பர் 2-ஆம் தேதி இறுதியில் திரும்பவும் யாங். இந்தத் தடவை 17-21, 10-21 என்று தோத்து வெள்ளி. அதே நாளில் மனிஷா டென்மார்க் வீராங்கனையை ஜெயித்து வெண்கலம். பாராலிம்பிக் இறகுப்பந்தில் இந்தியப் பெண்கள் பதக்கம் வாங்கினது அதுதான் முதல் தடவை. உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீயும் வெண்கலம் வாங்கினாங்க. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு இறகுப்பந்தில் மொத்தம் ஐந்து பதக்கம், அதில் மூணு தமிழ்நாட்டுப் பெண்களுடையது. தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மற்ற இருவருக்கும் ஆளுக்கு 1 கோடியும் கொடுத்தது.

கீழே நான் வரைந்திருப்பது ஒற்றையர் கோர்ட். நீளம் 13.40 மீட்டர், அகலம் 5.18 மீட்டர், வலை நடுவில் 1.524 மீட்டர் உயரம். நம்ம பள்ளிக் கொடிக்கம்பத்தில் இருந்து வேப்பமரம் வரை டேப் வைத்து அளந்தேன், 15 மீட்டர் வருது. விளையாட்டு அறையில் நாலு மட்டை இருக்கு, ஒன்றுக்கு மட்டும் நரம்பு அறுந்திருக்கு. சுண்ணாம்பு நாங்களே கரைச்சுக் கோடு போட்டுடுவோம். வலையும் ஷட்டிலும் மட்டும் வேணும், ஐயா. ஆட வர்றவங்க என்னிடம் பெயர் கொடுங்க. ஆறாம் வகுப்பில் இருந்து இரண்டு பேர் கொடுத்தாச்சு. அதில் ஒருத்தி, இதுவரைக்கும் கோ-கோவில் விசில் மட்டும் ஊதினவள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி