மாற்றத் தெரிந்தால் போதாதா?

கேள்வி: கடிகாரம் பழுதுபார்ப்பவர் உதிரிப்பாகத்தைச் செய்யவும் பழக வேண்டுமா? வாங்கி மாற்றினால் போதாதா?

பதில்: வாங்குவதற்குக் கிடைக்க வேண்டுமே! ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆலை நின்றுவிட்டது, கடிகாரங்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் பேலன்ஸ் சக்கர அச்சு நுட்பமானது. முனையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். எஃகைக் கடைசலில் சீவி அந்த அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அழுத்தித் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கடைசி நொடியில் முனை ஒடிந்தால் முதலிலிருந்துதான். இது படித்து வருவதல்ல. ஒடித்து ஒடித்துக் கை கற்பது. கணினிக் கடைசல் செய்யாதா என்பார்கள். செய்யும், சரியான அளவைக் கொடுத்தால். தேய்ந்த அச்சை அப்படியே அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தல்லவா நகலெடுப்போம்? அது சுழலும் மாணிக்கக் கல்லின் துளையிலிருந்து பழைய அளவைக் கணிப்பதுதான் உயர்நிலைப் பயிற்சியின் சாரம். செலவு பற்றிய ஆட்சேபம் நியாயமானது: கூலி கடிகாரத்தின் விலையைத் தாண்டக்கூடும். மலிவான கடிகாரத்துக்கு அது கட்டாது. தாத்தா கட்டிய கடிகாரத்துக்கோ கடையில் விலையே கிடையாது.