வீதியில் மறித்தால்: கத்தியோடு தொழிலுக்குப் போகிறவர்களுக்கு

இறுப்பிட்டியில் இருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் வாணர் பாலம் தாண்டி வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, அதன் பிறகு பண்ணைப் பாலம். கடலுக்கு நடுவே போகும் அந்த வீதிகளில் விலகிப் போக ஒழுங்கை கிடையாது. மறித்தால் நிற்கத்தான் வேண்டும்.

நான் கலியாண வீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம் என்று சமைக்கப் போகிறவன். விடியச் சாப்பாடு கொடுக்க வேண்டுமென்றால் சாமத்திலேயே வெளிக்கிட வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்பெட்டிக்குள் மரக்கறி வெட்டும் கத்திகளும் தேங்காய் உடைக்கும் கொடுவாக்கத்தியும் இருக்கும். அந்த நேரத்தில் அப்படிப் போகிற ஒருவனைப் பொலிஸ் மறிப்பதில் வியப்பில்லை. என்னைப் போலவே சீவல் தொழிலுக்குப் போகிறவர்களும், மீன் வெட்டுகிறவர்களும், மரம் தறிக்கிறவர்களும் கத்தியோடுதான் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்காகவும், தொழில் பழக வரும் பெடியளுக்காகவும் நான் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

ஏன் சந்தேகப்படுகிறார்கள்

போர் முடிந்த பின் யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு என்ற சொல் நாளாந்தச் செய்தியாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வந்து வெட்டிவிட்டு ஓடுகிற கும்பல்களால் ஊர்ச்சனம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆவா குழு என்ற பெயர் தெரியாத ஆள் இங்கே இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் நாடு முழுவதும் அறிவித்தது. அன்றாடத் தொழிலுக்கும் வீட்டுத் தேவைக்கும் பாவிக்கும் கத்திகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. ஆனால் விலக்கு அறிவித்தலில் இருக்கும். இருட்டில், ரோச் வெளிச்சத்தில், அதை விளங்கப்படுத்த வேண்டியவர்கள் நாங்கள்தான்.

பொதி கட்டும்போதே தொடங்குங்கள்

கத்தியை இடுப்பில் செருகாதீர்கள், சீற்றுக்கு அடியில் ஒளிக்காதீர்கள், கைக்கெட்டும் பையில் வைக்காதீர்கள். வெட்டுவாயை மட்டையால் சுற்றி, சாக்கில் உருட்டிக் கட்டி, பின்பெட்டியின் அடியில் வையுங்கள். அதே பெட்டிக்குள் அகப்பை, சட்டுவம், துருவலை, சமையல் துணி எல்லாம் இருக்கட்டும். திறந்து பார்க்கிறவருக்கு அந்தப் பெட்டியே தொழிலைச் சொல்லிவிடும். தனியாக ஒரு கொடுவாக்கத்தி கிடந்தால் நீங்கள் நூறு விளக்கம் சொல்ல வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றைக் கத்தி இருக்கிற பெட்டிக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம். அவை சட்டைப் பையில் இருக்க வேண்டும். கலியாண வீட்டு அழைப்பிதழையும் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் அவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு அழைப்பிதழை விடச் சுருக்கமான பதில் இல்லை.

நிற்பாட்டும் விதம்

ரோச் அசைவதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹெட்லைற்றைத் தாழ்த்தி, ஓரமாக நிற்பாட்டுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, முகம் மூடும் ஹெல்மெற் என்றால் முகக்கண்ணாடியை உயர்த்துங்கள். கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். மற்றபடி இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கட்டும். கேட்பதற்கு முன்னரே லைசென்சை எடுக்கிறேன் என்று பொக்கற்றுக்குள் கைவிடுவதுதான் பலர் செய்வது. எதிரில் நிற்பவருக்கு நீங்கள் எடுக்கப்போவது லைசென்ஸ் என்று தெரியாது.

கண்டுபிடிக்க முன் சொல்லிவிடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பெட்டியைத் திறந்து அவர் கத்தியைக் காண்பதும், நீங்கள் சொல்லி அவர் பார்ப்பதும் ஒன்றல்ல. வணக்கம் சொன்ன கையோடு நான் சொல்வது இவ்வளவுதான்: “சேர், நான் சமையல்காரன். கலியாண வீட்டுக்குப் போறன். பின்பெட்டிக்குள்ள சமையல் கத்தி இருக்கு. லைசென்ஸ் சட்டைப் பொக்கற்றில இருக்கு. எடுக்கட்டோ?” தொழில், போகுமிடம், கத்தி இருக்கும் இடம், பத்திரம் இருக்கும் இடம், பிறகு அனுமதி. அவர் “எடுங்கோ” என்று சொன்ன பிறகே கை அசைய வேண்டும்.

பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறந்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் நில்லுங்கள். கத்தியை நீங்கள் கையில் எடுத்துக் காட்ட வேண்டாம். “நீங்களே எடுத்துப் பாருங்கோ சேர்” என்று விடுங்கள்.

அமெரிக்காவில் அனுமதிப்பத்திரத்தோடு மறைவாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே ஒழுங்கைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் அது சாதாரண ஆளின் பிரச்சினை அல்ல. இங்கே துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024 இறுதியில் தற்காப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளைக்கூட அரசாங்கம் மீளக் கேட்டது. ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒரு சாவு எனக்கு மறக்க முடியாதது. பிலாண்டோ காஸ்டீல் 32 வயதுக் கறுப்பின மனிதர். பள்ளிக்கூட உணவுக்கூடம் ஒன்றின் மேற்பார்வையாளர், என்னைப் போல ஊருக்குச் சோறு போட்டவர். 2016 ஜூலை 6ஆம் திகதி மினசோட்டாவில் அவருடைய காரைப் பொலிஸ் மறித்தது. அனுமதி பெற்ற துப்பாக்கி தன்னிடம் இருப்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். அதை எடுக்க வேண்டாம் என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் இவர். அடுத்த சில விநாடிகளில் அதிகாரி சுட்டார். காஸ்டீல் இறந்தார், அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார்.

பிழை செத்தவரில் இல்லை. மறிக்கிறவரின் கையில் ஆயுதம் இருக்கும்போது பொறுமையாக இருக்கும் கடமை முதலில் அவருக்குத்தான். ஆனாலும் நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். சொல்வதோடு நிற்காமல், அடுத்த அசைவுக்கு முன்னர் கேட்டுவிட்டு அசைவோம்.

மொழி

இரவுக் கடமையில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். “கொஹெத யன்னே?” என்றால் எங்கே போகிறாய் என்று கேட்கிறார். “மகுல் கெதர உயன்ன யனவா” என்றால் கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போகிறேன். கத்திக்கு “பிஹிய”. இவ்வளவும் மனப்பாடமாக இருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். இது பணிந்து போவதல்ல. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. எழுத்து என்று வந்தால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். “தமிழில எழுதித் தாங்கோ, வாசிச்சிட்டு வைக்கிறன்” என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

பிரச்சினை பெருத்தால்

சத்தம் போடாதீர்கள்; ஓடவே ஓடாதீர்கள். வீதிக் குற்றத்துக்குத் தண்டம் எழுதினால் துண்டை வாங்கி 14 நாட்களுக்குள் தபாற் கந்தோரில் கட்டுங்கள். கையில் காசு கொடுத்து முடிக்கிற பழக்கம் வேண்டாம்; லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கத்தியை எடுத்து வைத்தால் அதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கைது செய்தால் என்ன காரணம் என்று சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான், மரியாதையோடு சோதிக்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. எங்களோடு சமைக்க வரும் அக்காமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். அநியாயம் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெடியளுக்கு

கூட வரும் பெடியளைத்தான் கூடுதலாக மறிக்கிறார்கள். வேலைக்குச் சேர்க்கும்போது நான் அவர்களிடம் கேட்பது மூன்று: குடித்துவிட்டுக் கத்திப் பெட்டியோடு ஓடாதே, யாரோ தந்த பையை உன் பெட்டிக்குள் வைக்காதே, கத்தியோடு நின்று படம் எடுத்து முகநூலில் போடாதே. வாளோடு படம் போட்டுப் பொலிசில் மாட்டிய பெடியளின் செய்தியைப் பேப்பரில் பார்த்திருக்கிறோம். சமையல் கத்திக்கும் வாளுக்கும் உள்ள வித்தியாசம் கைத்தொலைபேசிப் படத்தில் தெரியாமல் போகலாம்.

போர்க்காலத்தில் மறிப்பு என்றாலே இந்தத் தீவுகளில் நெஞ்சு பதறும். அந்தப் பயம் எங்கள் தலைமுறையின் உடம்பில் இன்னும் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கும் போகக் கூடாது. அடுத்த முறை தொழிலுக்கு வெளிக்கிட முன்னர் கத்தியைச் சுற்றிக் கட்டுங்கள், பத்திரங்களை வேறாக வையுங்கள், சொல்ல வேண்டியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டில் தொழிலுக்குப் போகும் பெடியன் இருந்தால் இன்றைக்கே அவனை இருத்தி இதைச் சொல்லிக் கொடுங்கள். உழைத்துச் சாப்பிடுகிறவன் தன் தொழிலைத் தலை நிமிர்ந்து சொல்லலாம். அதை முதலில் சொன்னால் போதும்.